ஒரு நூல் விலகிய முகடு

எங்கள் தெருவில் காலை ஏழரைக்குச் சம்மட்டிச் சத்தம் கேட்காவிட்டால் பாதி வீடுகளில் பல் தேய்க்க மாட்டார்கள். கடிகாரம்கூடப் பொய் சொல்லும், எதிர்வீட்டு இரும்புப் பட்டறைக்காரி பொய் சொல்ல மாட்டாள். அந்தச் செவ்வாய்க்கிழமை ஏழே முக்கால் ஆகியும் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு 'டங்' கூட வராததால், பாதி தைத்த திரைச்சீலையை மெஷினிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போனேன். அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைப்பவள் என்று என்னைச் சிலர் சொல்வதுண்டு. என் தையல் மெஷின் ஜன்னலோரம் இருக்கிறது. ஜன்னல் பட்டறையைப் பார்த்து இருக்கிறது. கேட்பதாக இருந்தால் வீட்டைக் கட்டினவனைப் போய்க் கேளுங்கள்.

பட்டறை என்பது ஒரு காலத்தில் வேன் நிறுத்தும் கொட்டகை. இரும்புக் கதவைத் தூக்கினால் இடப்பக்கம் உலை, நடுவில் இரும்பை வைத்து அடிக்கும் அடைகல், சுவரெல்லாம் ஆணியில் தொங்கும் அரங்கள், பெரிதிலிருந்து சிறிது வரை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் நிற்பது போல. வலப்பக்கம் சாணைக்கல். அந்தக் கல் உட்கார்ந்திருப்பது என் பழைய தையல் மெஷினின் ஸ்டாண்டில். காலால் மிதித்தால் கல் சுற்றும். மோட்டார் கிடையாது. இதை நான் ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

அவள் அடைகல்லின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். அதன் மேல் எங்களை ஒரு டம்ளர் வைக்கக்கூட விடாதவள். மடியில் ஒரு கடிதம்.

"என்னடி, உலை மூட்டலையா? உடம்புக்கு முடியலையா?"

"உடம்புக்கு என்ன கேடு? படிங்கக்கா. சத்தமாப் படிங்க. எனக்கு மட்டும்தான் அப்படித் தெரியுதான்னு பார்க்கணும்."

கடிதம் ஊர் அருங்காட்சியகத்திலிருந்து வந்திருந்தது. கைவேலைக்காரர்களுக்கு அவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை முத்திரைச் சான்றிதழ் கொடுப்பார்கள். அது வேண்டுமானால், அவர்களிடம் இருக்கும் பழைய பொருள் ஒன்றைப் படத்தைப் பார்த்து அச்சு அசலாகச் செய்து அனுப்ப வேண்டும். ஊர்த் தச்சருக்கு ஒரு முக்காலியின் படம் வந்தது. இவளுக்கு ஐந்நூறு வருஷத்துக் குறுவாள் ஒன்றின் படம் வந்தது. இரண்டு மாதம் மெனக்கெட்டுச் செய்து, துணியில் சுற்றி, நான் தைத்துக் கொடுத்த பையில் போட்டு அனுப்பியிருந்தாள். பதில்தான் இது.

சத்தமாகப் படித்தேன்.

'மூலக் குறுவாளில் அலகின் முகடு மையத்திலிருந்து ஒரு நூல் வலப்புறம் விலகிச் செல்கிறது. இது அக்காலக் கொல்லர்களின் ஈடற்ற நுட்பம். தங்கள் பொருளில் முகடு மிகச் சரியாக நடுவில் செல்கிறது. இத்தகைய துல்லியம் இயந்திரத்தால் மட்டுமே இயலும். இயந்திரத்தில் செய்ததைக் கைவேலை என்று அனுப்பியது வருந்தத்தக்கது. நகல்: சந்தைக் கைவினைஞர் சங்கம்.'

எனக்கு வந்த கோபத்தில் மூக்குக்கண்ணாடி நழுவிவிட்டது. இயந்திரமாம்! இந்தக் கொட்டகையில் இயந்திரம் என்று ஒன்று இருந்தால் அது என் மெஷின் ஸ்டாண்டுதான், அதுவும் தலை போன முண்டம்.

"நகல் போட்டிருக்கான் பாருங்க," என்றாள். "சங்கத்துச் செயலாளர் காலங்காத்தால போன் பண்ணிட்டார். 'சனிக்கிழமை சந்தைக்கு வரும்போது கடை முன்னால தொங்கற 'கையால் செய்தவை' போர்டைக் கழட்டிடும்மா, பிரச்சனை வேணாம்'ங்கறார். பதினேழு வருஷமாத் தொங்குது அந்தப் போர்டு. நான் திருடின மாதிரி பேசறார்."

"நீ ஏன்டி நடுவுல போட்டே? படத்துல இருக்கற மாதிரி கோணலாப் போட வேண்டியதுதானே?"

"படத்துல கோணலாத்தான் இருந்துச்சு. வரைஞ்சவனுக்குக் கை நடுங்கியிருக்கும்னு நினைச்சு நான் நேராக்கிட்டேன். எந்தக் கொல்லனாவது தெரிஞ்சே முகட்டைக் கோணலாப் போடுவானா? அலகு வளையும்போது ஒரு பக்கமாப் போகுமே!"

நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. முகடு என்றால் வேறொன்றுமில்லை. குத்துவதற்கென்றே செய்யும் கத்திக்கு அலகின் நடுவில் கூரை உச்சி மாதிரி ஒரு கோடு ஓடும். இரண்டு பக்கமும் சரிவு. அரத்தால் ஒவ்வொரு சரிவாக இழைத்து இழைத்து அந்தக் கோட்டை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். இவள் கொண்டுவந்துவிட்டாள். அதுதான் குற்றம்.

"கிளம்பு," என்றேன். "அந்த ஈடற்ற நுட்பத்தை நாமளும் போய்ப் பார்ப்போம்."

அருங்காட்சியகத்தின் மூன்றாவது அறையில், ஆள் உயரக் கண்ணாடிப் பெட்டிக்குள், சிவப்பு வெல்வெட்டின் மேல் படுத்திருந்தது அந்தக் குறுவாள். தலைக்கு மேல் ஒரு விளக்கு. ஒரு சாண் நீளத்துக்கு ஊசி போல அலகு. கைப்பிடிக்குக் கீழே ஒரு வட்டத்தட்டு, மேலே ஒரு வட்டத்தட்டு. பக்கத்தில் அட்டை. நான் அட்டையைப் படித்தேன், அவள் கத்தியைப் பார்த்தாள்.

அட்டையில் ஒரு சொற்பொழிவே இருந்தது. உடம்பெல்லாம் இரும்புத் தகடு பூட்டிக்கொண்டு சண்டை போட்ட காலத்தில், வாளால் வெட்டினால் தகட்டில் சத்தம்தான் வரும் என்பதால், எதிராளியைக் கீழே தள்ளி, முகமூடியின் கண் துளையிலும் அக்குள் இடுக்கிலும் இறக்க இந்தக் குறுவாள் பயன்பட்டதாம். மேல்தட்டு உள்ளங்கையை வைத்து அழுத்தவாம். அதுவரைக்கும் சரி. அதற்குக் கீழேதான் கொட்டை எழுத்தில்: 'முகடு வலப்புறம் விலகியிருப்பதைக் காண்க. வலக்கையால் குத்தும்போது இரும்பு வளையங்களுக்கு இடையே அலகு தானே வழிதேடிச் செல்ல இவ்வாறு அமைத்தனர். இக்காலக் கொல்லர்களால் இதைச் செய்ய இயலாது.'

"அக்கா," என்றாள். குரல் அடங்கிக் கிடந்தது. "இது என்னோடது."

"என்னது உன்னோடது?"

"இந்தக் கத்தி. நான் செஞ்சது. மருந்துக்கடைக்காரருக்கு."

அப்போதுதான் நானும் கண்ணாடியில் மூக்கு ஒட்டும்வரை குனிந்து பார்த்தேன். அலகின் அடியில், தட்டை ஒட்டி, பிறை நிலா மாதிரி ஒரு துருக்குழி. அந்தக் குழியை எனக்குத் தெரியும். அந்தத் துருவுக்குத்தான் என் ரோஜாச்செடி உயிரை விட்டது.

பதினோரு வருஷத்துக்கு முந்தைய கதை. அப்போது தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருந்த பெரியவருக்குப் பழைய காலத்துப் போர் மேல் ஒரு பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் தகரக் கவசம் மாட்டிக்கொண்டு மொட்டை மாடியில் நடப்பார். அவர்தான் ஒரு புத்தகத்துப் படத்தைக் கொண்டுவந்து காட்டி, "இதே மாதிரி ஒண்ணு வேணும்மா, பார்த்தா பழசா இருக்கணும், உன் முத்திரையைக் குத்திடாதே, அழகு கெட்டுடும்" என்று கேட்டார். இவளும் செய்தாள். பழசாக்குவதற்கு உப்பும் புளிப்பும் கலந்த மண்ணில் புதைக்க வேண்டும் என்றாள். மண் எங்கே இருக்கிறது? என் ரோஜாத் தொட்டியில் இருக்கிறது. மூன்று மாதம் அதில் கிடந்தது. கத்தி பழசானது, செடி பட்டுப்போனது.

முகடு கோணியதற்கும் எனக்குக் காரணம் தெரியும். தெரியும் என்ன, நேரில் இருந்தேன். அன்றைக்கு அவள் அரம் பிடித்து இடப்பக்கச் சரிவைக் கடைசியாக இழைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசல்படியில் உட்கார்ந்து, மூன்றாவது வீட்டுக்காரரின் தலைமுடி சொந்த முடி இல்லை என்று முந்தைய நாள் மாடியில் காற்றடித்தபோது கண்டுபிடித்த விவரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். முடி பறந்துபோய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்த இடத்தில் அவள் சிரித்துவிட்டாள். அரம் வழுக்கியது. சரிவில் ஒரு கீறல், ஆழமாக. கீறலை மறைக்க அந்தப் பக்கம் முழுவதையும் இழைத்து இறக்க வேண்டியதாயிற்று, முகடு வலப்பக்கம் நகர்ந்துவிட்டது. இக்காலக் கொல்லர்களால் இயலாத ஈடற்ற நுட்பம் இதுதான்.

பெரியவர் போன வருஷம் காலமானார். பிள்ளைகள் தகரக் கவசம் முதல் அத்தனையையும் ஒரு பெட்டியில் போட்டு அருங்காட்சியகத்துக்குத் தானமாகத் தள்ளிவிட்டார்கள். பெட்டியிலிருந்து ஒன்றைப் பொறுக்கி எடுத்து ஐந்நூறு வயது கொடுத்தவர், பின்கட்டில் உட்கார்ந்திருந்தார்.

அவர் ஆயுதப் பிரிவு நிபுணர். கழுத்தில் இரண்டு கண்ணாடி தொங்கியது, மூக்கில் ஒன்று இருந்தது. மேஜை முழுக்கத் துருப்பிடித்த சாமான்கள். துருக்காரர் என்று நான் அங்கேயே பெயர் வைத்துவிட்டேன்.

இவள் விஷயத்தைச் சொன்னாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அவர் சிரித்தார். குழந்தை, நிலா என்னுடையது என்று சொன்னால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

"அம்மா, நீங்க அனுப்பின கத்தி நிராகரிக்கப்பட்ட வருத்தம் எனக்குப் புரியுது. அதுக்காக இப்படியா? அந்தத் துருவோட ஆழத்தை நான் பூதக்கண்ணாடி வச்சு மூணு வாரம் ஆராய்ச்சி பண்ணியிருக்கேன்."

"மூணு மாசம் சார்," என்றேன் நான். "என் ரோஜாத் தொட்டியில."

"இவங்க யாரு?"

"சாட்சி," என்றேன்.

"சார், ஒண்ணு சொல்லுங்க," என்றாள் இவள். "அந்தக் காலத்துல அலகு அடிக்கறவன் தன் முத்திரையைக் குத்துவான்னு நீங்களே பக்கத்துப் பெட்டியில எழுதி வச்சிருக்கீங்க. அலகுக்கு ஒருத்தன், கைப்பிடிக்கு ஒருத்தன், உறைக்கு ஒருத்தன், அடுத்தவன் முத்திரையைப் போட்டா தண்டனைன்னு எழுதியிருக்கீங்க. இதுல முத்திரை எங்க?"

"தன்னடக்கம்," என்றார் துருக்காரர், கண்ணை மூடிக்கொண்டு. "தன் பெயரைப் பெரிதாக நினைக்காத ஒரு மாமேதை."

தன்னடக்கமாம்! இவளைப் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பதினேழு வருஷமாகத் தன் கையால் அடித்த இரும்பை மெஷினில் செய்தது என்று சொன்ன அதே வாய், அவள் கை தவறியதை மாமேதை என்கிறது. எதற்குக் கோபப்படுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை போலும்.

"மேதையும் இல்ல, ஒண்ணும் இல்ல. கை தவறிடுச்சு சார்! அது பிழை! அதைத் திருத்திச் செஞ்சு அனுப்பினதுக்குத்தான் என்னை ஏமாத்துக்காரின்னு எழுதியிருக்கீங்க!"

சத்தம் கேட்டு இயக்குநர் அம்மா வந்தார். அந்த இடத்துக்கே தலைவர் அவர்தான். குட்டை முடி, கையில் ஒரு வெந்நீர் ஃபிளாஸ்க், தொண்டைக் கட்டு. வந்தவர் உட்காராமல் நின்றபடியே இரண்டு பக்கத்தையும் கேட்டார். பிறகு இவளிடம் திரும்பி, "நீங்க செஞ்சதுன்னா, வெளிய தெரியாத ஏதாவது ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

"கைப்பிடிக்குள்ள இருக்கு மேடம். இந்த மாதிரிக் குறுவாள்ல அலகோட வால் கைப்பிடிக்குள்ள முழுசாப் போய், மேல்தட்டைத் தாண்டி வெளிய வந்து, அங்க அடிச்சு மடங்கியிருக்கணும். அப்ப எனக்கு அது தெரியாது. நான் காய்கறிக் கத்தி செய்யறவ. வாலைப் பாதியோட நிறுத்தி, அரக்கை உருக்கி ஊத்தி ஒட்டிட்டேன். மேல இருக்கற குமிழ் சும்மா ஒரு ஆணித்தலை. துளையும் கொஞ்சம் பெருசாயிடுச்சு. ஆடக்கூடாதுன்னு வாலைச் சுத்தி ஒரு தகரத்துண்டு வச்சேன். இந்த அக்காவோட பவுடர் டப்பாவுல வெட்டினது. அதுல ஒரு பொம்பளை படம். ஒரு கண்ணும் பாதி மூக்கும் உள்ள இருக்கும்."

துருக்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "கைப்பிடியைக் கழற்றணும்னு சொல்றாங்க மேடம்! ஐந்நூறு வருஷப் பொருளை!"

"அரக்குன்னா சூடு பட்டா இளகும் இல்லையா?" என்றார் இயக்குநர் அம்மா, யாரையும் பார்க்காமல். "மேலே விளக்கு போட்டதிலிருந்து கைப்பிடி ஆடுதுன்னு காவலாளி ரெண்டு தரம் எழுதிக் கொடுத்திருக்காரே. நீங்க அதுக்கு என்ன பதில் எழுதினீங்க?"

"பல தலைமுறை வீரர்களின் வியர்வை ஊறியதால் மரம் சுருங்கி..."

"சரி. அந்த டப்பா இன்னும் இருக்கா?"

என்னைத்தான் கேட்டார். இருக்கிறதா என்றா கேட்கிறீர்கள்! பதினோரு வருஷமாக அதில்தான் பட்டன் போட்டு வைத்திருக்கிறேன். ஓட்டை வழியாகச் சின்னப் பட்டன்கள் கொட்டும் ஒவ்வொரு தடவையும் இவளைத் திட்டுகிறேன். பஸ் பிடித்துப் போய், பட்டனைத் தட்டில் கொட்டிவிட்டு, டப்பாவை முந்தானையால் துடைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வந்து சேர்ந்தேன். மேஜை மேல் வைத்தேன். ஒற்றைக் கண்ணோடு ஒரு சிங்காரி எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். இன்னொரு கண் இருந்த இடத்தில் நீள்சதுரமாக ஓர் ஓட்டை.

இயக்குநர் அம்மா ஓட்டையை அளவுகோலால் அளந்து குறித்துக்கொண்டார். பெட்டியைத் திறந்து குறுவாளைக் கொண்டுவரச் சொன்னார். இவளுக்கு வெள்ளைக் கையுறை கொடுத்தார். பிறகு தன் ஃபிளாஸ்க்கைத் திறந்து, ஒரு கண்ணாடிக் குவளையில் வெந்நீரை ஊற்றி அவள் முன்னால் நகர்த்தினார்.

"உள்ள தகரம் இல்லேன்னா?" என்றார் துருக்காரர்.

"இல்லேன்னா சந்தையில போர்டை நானே கழட்டி உங்க மேஜையில கொண்டுவந்து வைக்கிறேன். சங்கத்துக்கும் நானே எழுதிக் கொடுக்கறேன், நான் ஏமாத்துக்காரின்னு," என்றாள்.

பதினோரு வருஷம். தகரம் துருப்பிடித்துப் பொடியாகியிருந்தால்? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறாளா பாருங்கள் என்று நினைத்தேன். என்னைப் பார்த்து மற்றவர்கள் நினைப்பது அது.

கைப்பிடியைக் குவளையில் இறக்கினாள். அலகைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டாள். துருக்காரர் கழுத்திலிருந்த கண்ணாடிகளில் ஒன்றை மாட்டி, கழற்றி, இன்னொன்றை மாட்டினார். வெந்நீரில் முதலில் ஒரு செம்பழுப்புக் கோடு இறங்கியது. அரக்கு வாசம் வந்தது, தபால் மூட்டைக்குச் சீல் வைக்கும்போது வருமே, அது. அவள் ஒரு முறை திருகினாள். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் வெந்நீர் கேட்டாள். இயக்குநர் அம்மா தன் தொண்டைக்கென்று வைத்திருந்த கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றினார்.

இரண்டாவது திருகலில் கைப்பிடி கழன்று வந்தது.

வாலைச் சுற்றி அரக்கு பூசிய தகரம். அவள் அதை நகத்தால் கீறி, துணியால் துடைத்து, மேஜையில் விரித்து, விரலால் நிமிர்த்தினாள். பெயிண்ட் அங்கங்கே உரிந்திருந்தது. ஆனாலும் மை தீட்டிய ஒரு கண். பாதி மூக்கு. இயக்குநர் அம்மா அதை எடுத்து டப்பாவின் ஓட்டையில் வைத்தார். சிங்காரிக்கு இரண்டு கண்ணும் வந்துவிட்டது.

கடைசியில் துருக்காரர் தொண்டையைச் செருமினார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"இது ஒரு முக்கியமான கண்டுபிடிப்பு," என்றார். "அட்டையை மாத்திடலாம். 'பழங்காலக் குறுவாளின் பிற்காலப் பிரதி. முகட்டை வலப்புறம் விலக்கும் மரபு அண்மைக் காலம் வரை தொடர்ந்ததற்குச் சான்று. செய்தவர் அறியப்படவில்லை.'"

"அறியப்படவில்லையா?" இவள் போட்ட சத்தத்தில் மேஜையிலிருந்த துருப்பிடித்த சாமான்கள் கலகலத்தன. "உங்க முன்னாலதானே நிக்கறேன்! ஆள் நிக்கறது தெரியலையா? மூணு கண்ணாடி இருக்கே, எதுலயும் தெரியலையா?"

"இல்ல, அருங்காட்சியக நடைமுறைப்படி..."

"இந்தாங்க." அலகைத் துணியில் சுற்றித் தன் கையில் வைத்துக்கொண்டு, கைப்பிடியை மட்டும் அவர் பக்கம் தள்ளினாள். "இதை மட்டும் வெல்வெட்டுல வையுங்க. வியர்வை ஊறினது. என் பேரை எழுதி, அது பிழைன்னு எழுதி, சங்கத்துக்கு நீங்க அனுப்பின நகலுக்கு இன்னொரு நகல் அனுப்பற வரைக்கும் நான் இதை ஒட்டித் தர மாட்டேன். உங்களுக்கு ஒட்டத் தெரிஞ்சா ஒட்டிக்குங்க."

"பிழைன்னு ஏம்மா எழுதணும்?" என்றார் இயக்குநர் அம்மா. "உங்க பேருக்குத்தானே அது குறை?"

"பேரைப் போட்டா எல்லாத்தையும் போடணும் மேடம். நான் வேணும்னே கோணலா வச்சேன்னு நாளைக்கு எவனாவது படிச்சுட்டு, அதே மாதிரி கோணலாச் செய்வான். தப்பை நுட்பம்னு எழுதினதாலதான் நேராச் செஞ்சவ மேல பழி வந்துச்சு. கை தவறினா கை தவறினதுன்னே இருக்கட்டும்."

இயக்குநர் அம்மா துருக்காரரின் பேனாவை வாங்கினார். "சொல்லுங்க, எப்படித் தவறிச்சு? முழு விவரமும் வேணும்." இவளும் சொன்னாள். நடந்ததை நடந்தபடி. எங்கள் தெருவிலேயே பொய் சொல்லாதவள் அவள்தான் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அதன் விபரீதம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. நான் என் டப்பாவுக்குத் தகரத்தைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது இனி ஆவணமாம், தர முடியாதாம். டப்பாவும் ஆவணமாம்.

சங்கத்துக்குக் கடிதம் வெள்ளிக்கிழமை போனது. சனிக்கிழமை சந்தையில் போர்டு தொங்கியது. செயலாளர் வந்து ஒரு காய்கறிக் கத்தி வாங்கிக்கொண்டு, போர்டைப் பற்றிப் பேச்செடுக்காமலே போனார். துருக்காரர் மட்டும் இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகட்டைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் அருங்காட்சியக வாசலில் இன்னும் விற்பனைக்கு இருக்கிறது.

அடுத்த வாரம் இவள் அங்கேயே போய் அரக்கு உருக்கிக் கைப்பிடியை ஒட்டிக் கொடுத்தாள். புது அட்டையைப் பார்க்க நான் கூடப் போனேன். அவள் பெயர் முதல் வரியில் இருந்தது. தெருவில் யாரும் கூப்பிடாத, அவள் அப்பா வைத்த முழுப் பெயர். அவள் அதை ஒரு தரம் படித்துவிட்டு, கையுறையைக் கழற்றி, வேலை கிடக்கிறது என்று கிளம்பிவிட்டாள். நான் கீழே படித்தேன்.

'முகடு வலப்புறம் விலகியிருப்பது பிழை. அலகை இழைக்கும்போது எதிர்வீட்டுத் தையல்காரர் இடைவிடாமல் பேசிக்கொண்டிருந்ததால் நேர்ந்தது.'

இடைவிடாமல்! ரோஜாச்செடி கொடுத்தவள் நான். மெஷின் ஸ்டாண்டு கொடுத்தவள் நான். பட்டன் டப்பாவையும் பறிகொடுத்துவிட்டு, பட்டனைச் சோற்றுத் தட்டில் வைத்துக்கொண்டு தைப்பவள் நான். அந்த வார்த்தையை நீக்கச் சொல்லி இரண்டு தடவை இயக்குநர் அம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டேன். தொண்டை சரியாகிவிட்டது அவருக்கு. நன்றாகவே பேசுகிறார்.

"அட்டையை மாத்தணும்னா ஆதாரம் வேணும். நீங்க அப்படிப் பேச மாட்டீங்கன்னு தெருவுல யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா மாத்திடலாம்," என்கிறார்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கிவிட்டேன். பதினான்கு வீடு. மூன்றாவது வீட்டுக்காரர்கூட, தலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பேனா இல்லை என்று கதவைச் சாத்திவிட்டார்.